காற்றால் குளிரும் என்ஜின்: பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் பற்றிய கேள்வி பதில்

ஜெர்மனியின் ஹனோவர் தொழிற்சாலையில் 1967 ஆகஸ்டு முதல் 1979 வரை உருவான ஃபோக்ஸ்வேகன் டைப் 2 வண்டிகளில், வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் படுக்கையும் சமையல் மேடையும் அமைத்துத் தந்த கேம்பர்களைப் பற்றியே இம்முறை கேள்விகள் வந்துள்ளன. என் பதில்கள் 1600 சி.சி. என்ஜினுக்கு உரியவை. 1972 மாடல் முதல் வந்த 1700, 1800, 2000 சி.சி. என்ஜின்களின் அமைப்பு வேறு. தேவைப்படும் இடத்தில் அவற்றைத் தனியே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆயில் விளக்கு மினுங்குகிறது. மெக்கானிக் என்ஜினை முழுதும் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் செய்தாக வேண்டும் என்கிறார். உண்மையா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஆயில் அழுத்தம் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கினால்தான் சுவிட்ச் அந்த விளக்கை எரியவிடும். ஆகவே அது எச்சரிக்கைதானே தவிர அளவீடு அன்று. சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் ஓர் அழுத்தமானியை (கேஜ்) பொருத்துங்கள். ஆயில் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில், நிமிடத்துக்கு 2500 சுற்றில், 2 பாருக்குக் கீழே இறங்கினால்தான் தேய்மானம் எல்லையைத் தாண்டியதாகக் கொள்ளலாம். அதற்கும் முன்னால், கேஸின் (என்ஜினின் அடிப்படைக் கூடு) அடியில் உள்ள, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் பிஸ்டன் அழுக்கில் சிக்கித் திறந்தபடி நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு திருகைக் கழற்றினால் தெரிந்துவிடும் விஷயத்துக்காக என்ஜினையே பிரித்தவர்கள் உண்டு.

அடுத்து, புல்லியைக் கையால் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) நீளவாட்டு ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருக்கலாம், 0.15 தான் கடைசி எல்லை. காதில் விழும்படி ‘டக்’ என்று அடித்தால் என்ஜினை இறக்க வேண்டியதுதான், ஏனெனில் அந்த ஆட்டம் கேஸில் பேரிங் உட்காரும் இடத்தையே நாளடைவில் அரித்துவிடும்.

கேள்வி: பழைய கேஸையே மீண்டும் பயன்படுத்தலாமா?

பதில்: கேஸ் மக்னீசியக் கலவையால் ஆனது, எடை குறைவு, ஆனால் பல்லாண்டுச் சூட்டுக்குப் பிறகு மூன்று இடங்களில் தளர்ந்துவிடும். முதலாவது, மெயின் பேரிங்குகள் உட்காரும் துளைகள், குறிப்பாக நடுத்துளை, நீள்வட்டமாகிவிடும். அவற்றை லேத் பட்டறையில் ஒரே நேர்கோட்டில் போர் செய்து, வெளி அளவு கூடிய பேரிங் போட வேண்டும். இரண்டாவது, சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டுகள் (மரையிட்ட கம்பிகள்) மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும்; எஃகு மரைக்கூடுகளைப் பதித்துவிட்டால் இத்தொல்லை தீரும். மூன்றாவது, மூன்றாம் சிலிண்டருக்குப் பின்னால் விடும் விரிசல். முதல் இரண்டும் பழுது பார்க்கக்கூடியவை. விரிசல் விட்ட கேஸை வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பூட்டும்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் தொடாதீர்கள். 8 மி.மீ. ஸ்டட் கொண்ட ஹெட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் போதும். கை பலத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்குபவர்களால்தான் பாதி கேஸ்கள் பாழாகின்றன என்பது என் எண்ணம்.

கேள்வி: எப்படியும் பிரிக்கிறோம், பெரிய பிஸ்டன் போட்டு சக்தியைக் கூட்டலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: கேஸை வெட்டாமலே பழைய துளையில் நுழையும் 87 மி.மீ. சிலிண்டர்களைத்தான் நினைக்கிறீர்கள் என்றால், வேண்டாம். அவற்றின் சுவர் மெல்லியது. சூட்டில் வட்டம் கெட்டு, கம்ப்ரஷன் கசியும். பாரம் ஏற்றிய கேம்பர் மேட்டில் ஏறும்போது என்ஜின் இடைவிடாமல் முழு உழைப்பில் இருப்பதால், சிறிய காருக்குத் தாங்கும் மாற்றங்கள் இதற்குத் தாங்கா. 85.5 மி.மீ. அளவிலேயே நல்ல பிஸ்டன் தொகுதியை வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: எல்லாம் புதிதாகப் போட்டும் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. எங்கே தேடுவது?

பதில்: என்ஜினுக்குள் தேடாதீர்கள், தகரங்களில் தேடுங்கள். இந்த வண்டியில் தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை, விசிறி தள்ளும் காற்றும் ஆயிலும்தான் சூட்டைக் கொண்டுபோகின்றன. விசிறி இழுக்கும் காற்று குளிர்ந்த வெளிக்காற்றாக இருக்க வேண்டும்; சிலிண்டர்களைக் கடந்து கீழே இறங்கிய சூடான காற்று மீண்டும் மேலே ஏறி விசிறிக்குள் போகக்கூடாது. என்ஜினைச் சுற்றிய தகரங்களும், அவற்றுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலான ரப்பர் பட்டையும், ஸ்பார்க் பிளக் ஒயர்கள் நுழையும் இடத்து ரப்பர் மூடிகளும் இதற்காகவே உள்ளன. ஹீட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, விசிறிக் கூட்டில் அந்தத் துளையை மூடாமல் விட்டாலும், சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று வீணாகும்.

அடுத்தது ஆயில் கூலர். பழைய என்ஜின்களில் அது விசிறிக் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நின்றதால், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் கூடுதலாகச் சூடானது. 1971 மாடல் முதல் கூலருக்குத் தனிக் கூடு அமைத்து இக்குறையை நீக்கினார்கள். உங்களுடையது பழைய அமைப்பாக இருந்தால், ஓவர்ஹாலின்போதே விசிறிக் கூட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். சூட்டுக்கு ஏற்பக் காற்று மடல்களை இயக்கும் தெர்மோஸ்டாட்டைத் தேவையற்றது என்று கழற்றி எறியும் வழக்கமும் தவறே. அது பழுதானால் தானே விரிந்து அம்மடல்களைத் திறந்துவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

கேள்வி: முதல் ஓட்டத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: புதிய கேமும் (வால்வுகளை இயக்கும் தண்டு) டேப்பட்டும் (அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் பகுதி) ஒன்றோடொன்று பதிய, முதல் 20 நிமிடம் 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட விடுங்கள், ஐடிலில் விடாதீர்கள். ஆயிலில் துத்தநாகச் சேர்மம் போதிய அளவு இருக்க வேண்டும். 500 கி.மீ. ஓடியதும் ஆயிலை மாற்றி வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள்.

கேள்வி: ஆயில் ஃபில்டரே காணோமே?

பதில்: கிடையாது. ஒரு கம்பி வலை மட்டுமே உண்டு. 2.5 லிட்டர் ஆயிலை 5000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றி, வலையையும் கழுவுங்கள்.

கேள்வி: வால்வு சரிசெய்தல் எத்தனை முக்கியம்? எனக்கு ஒரே வால்வு அடிக்கடி இறுகிவிடுகிறது.

பதில்: ஆயில் மாற்றும் அதே தவணையில், இரவு முழுதும் குளிர்ந்த என்ஜினில், 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்யுங்கள். (1978 மாடல் முதல் 2000 சி.சி. என்ஜினுக்குத் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் என்பதால் இவ்வேலை இல்லை.) உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் எனக்குக் கவலை அளிக்கிறது. இடைவெளி கூடினால் சத்தம் வரும், அவ்வளவே. குறைந்தால் சத்தமே வராது, ஆனால் வால்வு தன் சீட்டில் (ஹெட்டில் அது பதிந்து மூடும் வளையம்) முழுமையாக உட்காராமல், தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த வழியின்றிக் கருகும். ஒரே எக்ஸாஸ்ட் வால்வு, பெரும்பாலும் மூன்றாம் சிலிண்டருடையது, சரிசெய்தும் மீண்டும் மீண்டும் இறுகுகிறது என்றால் அதன் தண்டு நீள்கிறது அல்லது சீட் உள்ளே இறங்குகிறது என்று பொருள். இடைவெளியை மட்டும் திருத்திக்கொண்டு ஓட்டினால், ஒருநாள் வால்வின் தலை உடைந்து பிஸ்டனைத் துளைக்கும். இந்தப் பயணப் பருவத்துக்கு முன்பே ஹெட்டைக் கழற்றுங்கள்.

கேள்வி: என்ஜினை மீண்டும் ஏற்றும் முன் வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில்: பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் மாற்றுங்கள், பார்வைக்கு நன்றாக இருந்தாலும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்தே கெடுக்கிறது. டேங்க் என்ஜின் அறைக்கு முன்னால் தடுப்புச் சுவருக்குப் பின்னே இருப்பதால், அதன் வாயிலுள்ள குழாயை என்ஜின் கீழே இறங்கியிருக்கும்போதுதான் எளிதாக எட்ட முடியும். கார்புரேட்டரில் வெறுமனே அழுத்திச் செருகியிருக்கும் பித்தளைக் குழல் கையோடு கழன்று வருகிறதா என்றும் இழுத்துப் பாருங்கள். இந்த வண்டிகள் தீப்பிடிப்பது பெரும்பாலும் இவ்விரு இடங்களின் கசிவால்தான். தீ கேஸைப் பற்றிவிட்டால், எரியும் மக்னீசியத்தின் மீது தண்ணீர் ஊற்றுவது தீயை மேலும் மூட்டும். உலர் தூள் தீயணைப்பானை ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் வையுங்கள், பின்புறம் என்ஜின் பக்கம் வைக்காதீர்கள்.