டவர் போனாலும் பாடம் ஓடுமா? – வாசகர் கேள்வி பதில்

ஆன்லைன் பாடம், ஆப், தேர்வு பற்றிக் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

வீட்டுக்கு வந்த ஒருவர், எட்டாவது படிக்கும் மகனுக்கு ஆன்லைன் கோர்ஸ் என்று டேப்லெட்டில் டெமோ காட்டினார். வருஷத்துக்கு 28,000 ரூபாய், மாதத் தவணையில் கட்டலாமாம். மகனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சேர்க்கலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

இன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வாரம் இலவசமாகப் பார்க்கக் கேளுங்கள். தர மறுத்தால் அதோடு விட்டுவிடலாம்.

அந்த வாரத்தில் அவர்கள் காட்டிய பாடத்தைத் தொடவேண்டாம். மகனுடைய பாடப்புத்தகத்தை எடுத்து, நடுவிலிருந்து மூன்று பாடங்களைப் பொறுக்குங்கள். முதல் பாடத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள், சரக்கு தீர்ந்துபோவது நடுவில்தான். தமிழ் வழியில் படிக்கிற பையனென்றால், அந்த மூன்றும் தமிழில் இருக்கிறதா, புத்தகத்தில் உள்ள கலைச்சொல்லையே சொல்கிறார்களா என்று பாருங்கள். புத்தகம் 'முடுக்கம்' என்று சொல்லும்போது ஆப் வேறொரு சொல்லைச் சொன்னால், பையன் பரீட்சையில் திண்டாடுவான்.

அடுத்து, பத்துக் கேள்விகளுக்கு வேண்டுமென்றே தப்பாகப் பதில் போடச் சொல்லுங்கள். 'தவறு' என்று சிவப்பு காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுகிற ஆப் வெறும் கேள்வித்தாள். எங்கே தப்பு வந்தது என்று சொல்லி, அதே மாதிரி இன்னொரு கணக்கைக் கொடுப்பதுதான் சொல்லிக்கொடுக்கிற ஆப். வீடியோவின் பளபளப்பைவிட இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடவேண்டும். பிள்ளை எவ்வளவு பார்த்தான் என்பதைவிட எவ்வளவு செய்தான் என்பதே கணக்கு.

பணத்துக்கு வருவோம். 'மாதத் தவணை' என்று சொல்வது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். பையன் வகுப்பை நிறுத்தினாலும் அந்தக் கடன் தானாக நிற்காது. 28,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 2,333 ரூபாய். விசைப்படகு வருமானத்தில் ஓடுகிற வீடென்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் அந்தத் தவணை வரும். எடுத்த எடுப்பில் ஓடிபி சொல்லிவிடாதீர்கள், அது கடனுக்குச் சம்மதமாக ஆகிவிடக்கூடும். எத்தனை நாளுக்குள் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தைத் தானாகப் பிடிக்க அனுமதிக்க வேண்டாமென்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தால், பணம் அனுப்பும் ஆப்பில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் அதை ரத்து செய்யலாம். தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று: கணக்குப் பாடம் நடத்துகிற ஆப்புக்கு உங்கள் போனிலுள்ள நம்பர்களும் இருப்பிடமும் எதற்கு? செட்டிங்ஸில் அந்த ஆப்பின் 'பெர்மிஷன்' பகுதியில் இரண்டையும் நிறுத்துங்கள். நிறுத்தினால் பாடமே ஓடாது என்று அடம்பிடிக்கும் ஆப் வேண்டாம்.

மாலை நேரப் படிப்பு மையத்தில் 30 பிள்ளைகள், இரண்டு டேப்லெட், ஒரு பழைய லேப்டாப். நெட் வரும், போகும். எந்தக் கருவியை நம்பலாம்?
– தன்னார்வலர், தேவிபட்டினம்

நெட் இல்லாமல் எது ஓடுகிறதோ அதை நம்புங்கள். 'ஆஃப்லைன் வசதி உண்டு' என்ற விளம்பர வாக்கியத்தை அப்படியே ஏற்காமல் சோதித்துவிடுங்கள். ஒரு பாடத்தை இறக்குங்கள். ஏரோபிளேன் மோடு போடுங்கள். டேப்லெட்டை அணைத்து மறுபடி ஆன் செய்து, பாடத்தைத் திறங்கள். பல ஆப்கள் இந்த இடத்தில் லாகின் கேட்டு நின்றுவிடும். திறந்தால் ஒரு பயிற்சியை முடித்துவிட்டு நெட்டை மறுபடி போடுங்கள், மதிப்பெண் ஏறியதா? அடுத்து அதே கணக்கில் இன்னொரு டேப்லெட்டில் நுழையுங்கள், அங்கேயும் அந்த மதிப்பெண் தெரிகிறதா? அப்பா கடலுக்குப் போகும்போது போனும் கூடப் போகிற வீடுகளில், ஒரு போனோடு ஒட்டிக்கொள்ளும் கணக்கால் பிரயோஜனமில்லை.

டேட்டா கணக்கை நீங்களே போடலாம். வினாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடும் வீடியோ 40 நிமிடத்துக்கு 150 எம்பி எடுக்கும் (500 × 2,400 வினாடி ÷ 8). அதையே கூர்மையான படமாக 1,500 கிலோபிட்டில் ஓட்டினால் 450 எம்பி. மூன்று பாடத்தில் 1.5 ஜிபி நாள் பேக் ஏறக்குறைய காலி. குரல் மட்டும் என்றால் 64 கிலோபிட்டில் 40 நிமிடத்துக்கு 20 எம்பிகூட ஆகாது. கரும்பலகை தேவைப்படாத பாடங்களுக்குக் குரலே போதும்.

அரசுப் பாடப்புத்தகத்துக்கு முதலில் தீக்ஷா என்ற மத்திய அரசின் இலவசப் பாட ஆப்பைப் பாருங்கள். மாநிலப் பாடத்திட்டம், வழி, வகுப்பு மூன்றையும் தேர்ந்தெடுத்து, புத்தகத்தில் அச்சான க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவேண்டும். அச்சு மங்கியிருந்தால் அதன் கீழே உள்ள ஆறெழுத்துக் குறியீட்டை டைப் செய்யலாம். ஒரு கண்ணி இருக்கிறது: யூடியூப் இணைப்பாக வைத்திருக்கும் பாடங்களை இறக்க முடியாது. மேலே சொன்ன ஏரோபிளேன் சோதனையில் அது தெரிந்துவிடும்.

பழைய லேப்டாப்பில் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் போடலாம். பாடங்களை ஒருமுறை நெட் உள்ள இடத்தில் இறக்கிவிட்டால், லேப்டாப்பே சர்வராகிவிடும். இரண்டு டேப்லெட்டும் ஒரு சாதாரண ரவுட்டர் வழியாக அதிலிருந்து பாடத்தை எடுத்துக்கொள்ளும், இணையமே வேண்டியதில்லை. தமிழில் எவ்வளவு இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்துவிட்டு இறக்குங்கள். நீங்களே எடுத்த வீடியோ, பிடிஎஃப் ஆகியவற்றையும் அதில் சேர்க்கலாம்.

டேப்லெட்டுகளை ஜன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக்காற்றில் சார்ஜ் ஏற்றும் துளையின் உள்ளே பச்சை பூத்துவிடும். மூடியுள்ள டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

கூகுள் ஃபார்மில் தமிழ்த் தேர்வு வைத்தேன். சரியாக எழுதிய பிள்ளைகளுக்கும் பூஜ்யம் விழுகிறது. ஏன்?
– ஆசிரியை, கீழக்கரை

பிள்ளைகள் மேல் தப்பில்லை. சுருக்க விடையை அந்தக் கருவி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. 'கொடி' என்பதில் உள்ள 'ொ' யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையில்) ஒரே குறியீடாகவும் வரலாம், 'ெ', 'ா' என்று இரண்டு குறியீடாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிடும் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காவிட்டால் அதற்கு வெவ்வேறு சொல். 'பௌர்ணமி'யில் 'ௌ' போடாமல் 'ெ' போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்தாலும் இதே கதை. விடைக்குப் பின்னால் விழும் ஒரு வெற்றிடம்கூடக் கெடுக்கக்கூடும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தயாரித்த வினாத்தாளை ஒட்டினால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும், முதலில் யூனிகோடுக்கு மாற்றவேண்டும்.

எந்தத் தேர்வுக் கருவியை எடுத்தாலும் ஒரே விடையைக் குரலில் சொல்லியும், தமிழ் 99 விசைப்பலகையிலும், ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றியும் போட்டுப் பாருங்கள். மூன்றையும் சரி என்று ஏற்றால் எடுத்துக்கொள்ளலாம். ஃபார்மில் விடைக்குறிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைச் சேர்க்க முடியும். 'மற்றதெல்லாம் தவறு' என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்யாதீர்கள், விட்டுப்போனதை நீங்கள் கையால் திருத்திக்கொள்ளலாம். எழுத்துப்பிழையைச் சோதிக்கும் கேள்விகளைத் தாளிலேயே வையுங்கள்.

என்பிடெல் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா?
– கல்லூரி மாணவர், தொண்டி

உண்டு. என்பிடெல் என்பது ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டம். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். பயிற்சிகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். உங்கள் பட்டப்படிப்பில் அதைக் கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் பாடத்தில் சேரும் முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், முடித்த பிறகு கேட்டால் பிடி கொடுக்க மாட்டார்கள். தேர்வு மையம் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் பதியும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்து, மகளின் வகுப்பு அறுந்துபோகிறது. என்ன செய்வது?
– வாசகர், ராமேஸ்வரம்

தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவில் சிக்னலைத் தடுக்க ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர். செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க்குக்குப் போய் 'டேட்டா ரோமிங்'கை (வேற்று டவர் வழியாக நெட் எடுப்பதை) நிறுத்துங்கள், அப்போதுதான் டேட்டாவுக்குக் கூடுதல் பில் வராது. பிறகு நெட்வொர்க்கைத் தானாகத் தேடுவதை நிறுத்தி, பட்டியலில் உங்கள் கம்பெனி பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள். அந்தப் பெயரே பட்டியலில் இல்லையென்றால் அந்த இடத்தில் உங்கள் டவர் இல்லை. அன்றைக்கு நேரடி வகுப்பை விட்டுவிட்டு, முதல் நாள் இரவே இறக்கிவைத்த பாடத்தைப் பார்க்கட்டும். வீடு திரும்பியதும் தானாகத் தேடுவதை மறுபடி போட்டுவிடுங்கள்.