அடிக்கவில்லை என்றாலும் அது வன்முறைதான்

அத்தான் அக்காவைக் கை நீட்டி அடித்ததில்லை, ஆனால் அக்கா சம்பாதிக்கிற பணத்தின் ஏடிஎம் கார்டும் போனும் அத்தான் கையில்தான், 'எதிர்நீச்சல்' சீரியல் பார்க்கும்போதெல்லாம் அக்கா ஞாபகம் வருகிறது, அம்மாவோ எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தோன்றியதுதான் சரி. அந்த சீரியலில் வரும் ஆதி குணசேகரன் தினமும் அடித்தா அந்த வீட்டை ஆண்டார்? படித்த பெண்கள் எங்கே போகலாம், யாரிடம் பேசலாம் என்பதை அவரே முடிவு செய்தார், அவர் மனைவி ஈஸ்வரியின் பாதி ஆயுள் அதிலேயே போய்விட்டது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பணத்தைப் பிடித்து வைப்பதும் மனரீதியாக வதைப்பதும் வன்முறைதான். வீடு அத்தான் பெயரில் இருந்தாலும் அக்காவை அவர் இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாது. இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

சம்பளக் கணக்கை உடனே மாற்றச் சொல்லாதீர்கள், ஓடிபி அத்தான் கையிலிருக்கும் போனுக்குப் போகிறதென்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். நேரில் போய்ப் பேசுங்கள், உங்கள் போனிலிருந்தே 181 பெண்கள் உதவி எண்ணுக்கு அக்காவை அழைக்கச் சொல்லுங்கள். ஆதார், கல்யாணச் சான்றிதழ், நகை ரசீது எல்லாவற்றுக்கும் நகல் உங்களிடம் இருக்கட்டும். அப்புறம், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம், புகாரை நீதிமன்றம் வரை கொண்டுபோக அவர் உதவுவார். ஆனால் புகார் கொடுப்பதா, எப்போது என்பதெல்லாம் அக்காவின் முடிவாக இருக்கட்டும். தயவுசெய்து அத்தானிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், அந்தக் கோபம் அக்கா மேல்தான் இறங்கும்.