ஓப்பனிங் வீடியோ இருக்கா மேடம்?

அன்புள்ள அக்கா,

இளம்பிள்ளைல இருந்து எழுதறேன். அப்பா தறி ஓட்டறார், அது போக வெளியிலயும் சரக்கு எடுத்து இன்ஸ்டாகிராம்ல சேலை விக்கறேன். 38 ஆயிரம் ஃபாலோயர்ஸ் வந்துட்டாங்க, ஆனா ஒரு தடவை வாங்கினவங்க மறுபடி வர்றதே இல்ல. ரீல்ஸ் வியூஸும் இப்ப படுத்துருச்சு. தினமும் எத்தனை ரீல்ஸ் போடணும், கிவ்அவே வைக்கலாமா, இன்ஃப்ளூயன்ஸருக்கு காசு குடுத்து ப்ரொமோஷன் பண்ணலாமா? போன வாரம் கோயம்புத்தூர்ல ஒரு அம்மா டேமேஜ்னு சொன்னாங்க, பார்சலைப் பிரிக்கறப்ப எடுத்த ஓப்பனிங் வீடியோ கேட்டா இல்லைன்னுட்டு கமெண்ட்ல வந்து எழுதிட்டாங்க. மத்தவங்க பார்த்தா நம்பிக்கை போயிரும்னு டெலிட் பண்ணி பிளாக் பண்ணிட்டேன். ஃபாலோயர்ஸ நிரந்தர கஸ்டமரா மாத்தறது எப்படிக்கா? பேர் போட்றாதீங்க.

அன்புள்ள தம்பி,

உங்க கடிதத்துல கேள்வி எல்லாம் மேல இருக்கு, பதில் கீழ இருக்க அந்த கோயம்புத்தூர் அம்மாகிட்ட இருக்கு. அவங்களைப் பத்தி மூணு வரில எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் உடனே பதில் எழுதறேன்.

இந்த ஓப்பனிங் வீடியோ சமாச்சாரம் எனக்கு ரொம்ப நாளாவே உறுத்திட்டு இருக்கு. எங்கம்மா ஒரு பேஜ்ல (பேர் வேண்டாம்) அரக்கு கலர்ல சாஃப்ட் சில்க் ஒண்ணு வாங்கினாங்க, என் தம்பி மகனை விட்டு ஜிபேல பணம் போட்டு வாங்கினது. கூரியர்காரர் வந்த நேரத்துல வீட்ல யாரும் இல்ல. அம்மா அருவாமனைல பாலி கவரைக் கிழிச்சு, சேலையை கட்டில் மேல விரிச்சு, முந்தில இருந்து தடவிக்கிட்டே வந்திருக்காங்க, அவங்க எந்தச் சேலையையும் அப்படித்தான் பாப்பாங்க. முந்தி தாண்டி ஒரு முழத்துல விரல் அகலத்துக்கு ஊடை இழை (குறுக்கே ஓடற நூல்) விட்டுப்போயி, வெளிச்சத்துல புடிச்சா அந்தப் பக்கம் தெரியுது. நான்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன். வந்த பதில் ஒரே வரி: ஓப்பனிங் வீடியோ இருக்கா மேடம்? இல்லைன்னதும், ரூல் பயோலயே போட்டிருக்கோம் மேடம்னு சொல்லி முடிச்சுக்கிட்டாங்க.

கொஞ்சம் யோசிங்க தம்பி. எழுபது வயசுப் பொம்பளை ஒரு கைல போனைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கைல கத்தரிக்கோலை வச்சுக்கிட்டு, சீல் தெரியற மாதிரி, அட்ரஸ் தெரியற மாதிரி, நடுவுல கட் பண்ணாம, அஞ்சரை மீட்டர் சேலையையும் விரிச்சு வீடியோ எடுக்கணும், இல்லாட்டி அவங்க சொல்றது பொய். திருட்டுக் கேஸ்ல சாட்சி கேக்கற மாதிரி இல்ல இருக்கு! எங்கம்மா அதுக்கப்புறம் அந்தச் சேலையை இழை விட்ட இடம் மடிப்புக்குள்ள போற மாதிரி வச்சு ரெண்டு விசேஷத்துக்குக் கட்டினாங்க. யார்கிட்டயும் சண்டை போடல. அந்தப் பேஜைப் பத்தி யார் கேட்டாலும் வாயைத் திறக்கல, அவ்ளோதான். எங்க தெருவுல முக்கால்வாசிப் பேர் அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் சேலை எடுப்பாங்கன்றது அந்த பேஜ்காரங்களுக்குத் தெரியாது.

உங்க பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். புதுச் சேலையை எடுத்துக்கிட்டு பழசை மடிச்சு ரிட்டர்ன் அனுப்பறவங்க இருக்காங்க, ஒரு நாள் கட்டிட்டு மஞ்சள் கறையோட திருப்பி அனுப்பறவங்களும் இருக்காங்க. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சேலை நட்டம்னா என்னன்னு எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆனா இழை விட்டுப்போனது கஸ்டமர் கைல நடக்கிற விஷயமா? கஸ்டமர் அனுப்பற போட்டோவை அப்பாகிட்ட காட்டுங்க, தறில விட்டதா, ஆணில மாட்டிக் கிழிஞ்சதான்னு ஒரு பார்வையில சொல்லிடுவாரு. அதுக்கு எதுக்கு வீடியோ? அதுவும் போக, 2020ல வந்த இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்ல பழுதான பொருளையோ, காட்டினதுக்கு மாறா இருக்கிற பொருளையோ திருப்பி எடுத்துக்க மாட்டேன்னு விக்கிறவங்க சொல்லக்கூடாதுன்னே இருக்கு. பயோல நோ ரிட்டர்ன்னு எழுதி வச்சிட்டா அது சட்டமாயிடாது.

கமெண்டை டெலிட் பண்ணினீங்களே, அது எனக்கு இன்னும் கோவம். அந்தம்மா எழுதினதை அப்படியே விட்டுட்டு, கீழ, “அம்மா, தப்பு எங்க தறிலதான், வேற சேலை அனுப்பறேன், கூரியர் செலவும் என்னோடது”ன்னு நீங்க எழுதியிருந்தா அதைப் படிக்கிற ஒவ்வொருத்தரும், சரி, நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா இந்தப் பையன் பாத்துப்பான்னு நெனச்சிருப்பாங்க. உங்க நூறு ரீல்ஸ் சேந்தாலும் அந்த ஒரு பதில் செய்யற வேலையைச் செய்யாது.

சின்னாளபட்டில ஒரு பொண்ணு வாட்ஸ்ஆப்லயே சுங்குடி விக்குது, ரீல்ஸ் எல்லாம் போடறதில்ல. ஒரு தடவை அம்மா ஒரு நீலத்தைக் கேட்டதுக்கு, “அம்மா, அது போட்டோல தூக்கலாத் தெரியுது, நேர்ல இவ்ளோ பளிச்சுன்னு இருக்காது, முதல் ரெண்டு தண்ணிக்கு சாயமும் விடும், யோசிச்சுச் சொல்லுங்க”ன்னு வாய்ஸ் நோட் அனுப்புச்சு. அம்மா அன்னைக்கு வாங்கல. ஆனா தீபாவளிக்கு மருமகள், சம்பந்தி எல்லாருக்கும் அந்தப் பொண்ணுகிட்டதான் எடுத்தாங்க, இப்பவும் எடுக்கறாங்க.

38 ஆயிரம்னு நீங்க சொல்றது உங்க சொத்து கிடையாது தம்பி. 2020 ஜூன் கடைசில டிக்டாக்கைத் தடை பண்ணினப்ப அதை நம்பி யாவாரம் பண்ணினவங்க சேத்த கூட்டம் மொத்தமும் ஒரே ராத்திரில போச்சு. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்ஆப் மூணும் சேந்தாப்ல ஆறு மணி நேரம் படுத்ததும் ஞாபகம் இருக்கும். உங்களுக்கு உண்மையில எத்தனை பேர் இருக்காங்கன்னு தெரியணுமா, வாட்ஸ்ஆப்ல ப்ராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜ் நிறைய பேருக்குத் தனித்தனியா போறது) போட்டு அனுப்பிப் பாருங்க. ஒரு லிஸ்ட்ல 256 பேர்தான், அதுலயும் உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். யார் தன் போன்ல உங்க பேரைப் போட்டு சேவ் பண்ணி வச்சிருக்காங்களோ, அவங்கதான் உங்க ஆளுங்க. அது 90 பேரா இருந்தாலும் சந்தோஷப்படுங்க, அந்த 90 பேரை வச்சு குடும்பம் நடத்த முடியும்.

கிவ்அவே வேண்டாம், ஓசிக்கு வந்தவங்க அடுத்த ஓசிக்குப் போயிடுவாங்க. இன்ஃப்ளூயன்ஸர் பத்தி எனக்கு ஒண்ணும் தோணல. ரீல்ஸ் உங்களுக்கு முடிஞ்சதைப் போடுங்க, ஆனா விலையை மேலயே எழுதுங்க, “ப்ரைஸ் இன்பாக்ஸ்”னு யாரையும் அலைய விடாதீங்க.

முதல்ல அந்த கோயம்புத்தூர் அம்மாவோட பிளாக்கை எடுத்துட்டு போன் போடுங்க, மெசேஜ் வேண்டாம். திட்டுவாங்க, திட்டட்டும், முழுசாக் கேட்டுட்டு சேலையை மாத்திக் குடுங்க. அடுத்து, ஆடி முடிஞ்சு முகூர்த்த ஆர்டர் ஆரம்பிக்கறதுக்குள்ள பழைய ஆர்டர் நோட்டை எடுத்து, போன வருஷம் கல்யாணத்துக்கு எடுத்தவங்களுக்கு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு ஜரிகை கறுக்கலையே, துவைச்சப்புறம் பார்டர் சுருங்கலையேன்னு கேளுங்க. அந்த போன்ல மட்டும் புது ஸ்டாக் பத்திப் பேசவே பேசாதீங்க.

அன்புடன்,
அக்கா