ஹிட்ச்காக் பேட்டியும் ஒரு குறிப்பேடும்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசுகிறோம். இம்முறை, இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கைப் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ கண்ட பேட்டிகளின் தொகுப்பை எடுத்துக்கொண்டோம். ஆங்கிலப் பதிப்புதான் கிடைத்தது. ஆங்கிலம் வராதவர்களுக்கு நானே பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னேன். கடைகளில் கணக்கு எழுதி ஓய்ந்த பெரியவர் ஒருவர், "ஒரே சம்பவத்தை இடத்துக்கு ஒரு விதமாகச் சொல்கிறவரை எப்படி நம்புவது?" என்றார். கல்லூரியில் படிக்கும் பெண், நுட்பம் பேசும் பக்கங்களைத் தவிர மற்றவை சலிப்பு என்றாள். என் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி), "கேட்கிறவர் ஜால்ரா போடுகிறார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கருத்துகளைக் குறிப்பேட்டில் எழுதுவது என் பொறுப்பு. ஹிட்ச்காக்கின் படங்களில் மூன்றைத்தான் பார்த்திருக்கிறேன். எதை எழுதுவது? கடுமையானவற்றை விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: எதையும் விட வேண்டாம். உங்கள் அண்ணமிண்டி சொன்ன ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று கருத்துகளில் அதுதான் நூலின் நடுவில் கை வைக்கிறது.

த்ரூஃபோ ஜால்ரா போடுகிறாரா என்றால், போடுகிறார்தான். 1962 ஆகஸ்டில் ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் இருவரும் உட்கார்ந்தபோது த்ரூஃபோவுக்கு வயது 30. ஹிட்ச்காக்குக்கு அந்த மாதம்தான் 63 நிறைந்தது. பத்திரிகை விமர்சகராக இருந்து இயக்குநரான த்ரூஃபோ அதற்குள் மூன்று முழுநீளப் படங்களையே எடுத்திருந்தார். அமெரிக்க விமர்சகர்கள் ஹிட்ச்காக்கை வெறும் பொழுதுபோக்குக்காரர் என்று ஒதுக்கியதை மாற்ற வேண்டும் என்பதே தம் எண்ணம் என்பதை அவர் முன்னுரையில் மறைக்கவுமில்லை. தம் கட்சிக்காரரையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலை நாம் பார்த்ததில்லை. இந்த நூல் கட்சிக்காரருக்காக வாதாடும் ஒரு வக்கீலின் வேலை என்று தெரிந்து படித்தால் ஏமாற்றம் குறையும்.

ஆனால் ஓரிடத்தை அண்ணமிண்டிக்கு மறுபடி வாசித்துக் காட்டுங்கள். 1936-இல் வந்த 'சாபொடாஜ்' படத்தில் ஒரு சிறுவன், தன் கையிலுள்ள பொட்டலத்தில் வெடிகுண்டு இருப்பது தெரியாமல் லண்டன் தெருக்களில் அதைச் சுமந்து போகிறான். வழியில் ஊர்வலத்தை வேடிக்கை பார்த்து நேரம் கடத்துகிறான். கடைசியில் பேருந்திலேயே குண்டு வெடித்து இறக்கிறான். படத்தில் ஒரு குழந்தையைச் சாகடிப்பது, சினிமாவின் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு மிக அருகில் வருகிறது என்று த்ரூஃபோ நேருக்கு நேர் சொல்கிறார். ஹிட்ச்காக் வாதாடாமல், அது தாம் செய்த பெரும் பிழை என்று ஒப்புக்கொள்கிறார். அன்பாகக் கேட்டதனால் கிடைத்த வாக்குமூலம் அது. குற்றப்பத்திரிகையோடு வந்தவரிடம் அந்த மனிதர் வழக்கமான வேடிக்கைக் கதை ஒன்றைச் சொல்லி அனுப்பியிருப்பார் என்றே எனக்குப் படுகிறது.

கல்லூரிப் பெண்ணுக்கும் இதே இடம்தான் பதில். அவளுக்குப் பிடித்த பக்கங்களில் மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டு உதாரணம் நிச்சயம் இருக்கும்: பார்ப்பவருக்குத் தெரியாமல் குண்டு வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி, முன்பே தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதைபதைப்பு. கேட்க அழகான சூத்திரம். ஆனால் பதைபதைக்க வைத்த பிறகு அந்தக் குண்டை வெடிக்க விடக்கூடாது என்பதை, பேருந்துச் சிறுவனைக் கொன்று பார்வையாளரின் கோபத்தைச் சம்பாதித்த பிறகே அவர் கற்றார். சலிப்பு என்று அவள் தள்ளிய பக்கங்களில் இந்த நுட்பம் பிறந்த கதை இருக்கிறது. சில பழைய மௌனப் படங்களைப் பற்றிய பேச்சு எனக்கும் சலிப்புத்தான், அதை மறைப்பதற்கில்லை.

இனிக் கணக்கெழுதிய பெரியவர். அவரைக் குறை சொல்லமாட்டேன். சிறு வயதில் அப்பா ஒரு சீட்டைக் கொடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பியதாகவும், அங்கே சில நிமிடங்கள் தம்மை அறையில் அடைத்துவைத்ததாகவும் ஹிட்ச்காக் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். சொல்லும்போதெல்லாம் வயதும் நிமிடங்களும் கொஞ்சம் மாறும். பெரியவரிடம் அவருடைய தொழிலின் சொல்லிலேயே கேளுங்கள்: இதைச் சிட்டையாகப் படிக்கிறாரா, ஐந்தொகையாகவா? ஐந்தொகை மொத்தக் கணக்கையும் நேர்செய்து காட்டுவது, அதில் ஒரு காசு இடித்தாலும் தூக்கம் வராது. சிட்டையிலோ அன்றைக்கு வந்ததும் போனதும்தான் பதியப்படும். பேட்டியும் அப்படித்தான், அன்றைக்குச் சொன்னதன் பதிவு. ஆகவே 'பொய்' என்று எழுதுவதைவிட, எந்த ஆண்டில், யாரிடம், எப்படிச் சொன்னார் என்று எழுதினால் அவருடைய குற்றச்சாட்டுக்கே வலுக் கூடும்.

இன்னொன்றையும் அவர் கவனிக்கலாம். ஹிட்ச்காக்கின் ஆங்கிலத்தைப் பின்தொடரும் அளவுக்கு த்ரூஃபோவுக்கு ஆங்கிலம் போதவில்லை. த்ரூஃபோவின் பிரெஞ்சு ஹிட்ச்காக்குக்கு முழுவதும் எட்டவில்லை. இருவருக்கும் நடுவில் ஹெலன் ஸ்காட் என்ற பெண் உட்கார்ந்து, கேள்வியையும் பதிலையும் உடனுக்குடன் மொழிபெயர்த்தார். அந்தப் பேச்சை வெட்டி, ஒட்டி, சீர்செய்து 1966-இல் பிரெஞ்சில் நூலாக்கினார்கள். ஆங்கிலப் பதிப்பு மறு ஆண்டு வந்தது. எனவே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு "அவர் இப்படித்தான் சொன்னார்" என்று சண்டையிடுவதில் பயனில்லை.

பேட்டியில் 'நான்' வருகிற இடங்களில் பென்சிலால் கோடு போடுவது என் பழக்கம். 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சியில் 45 விநாடிப் படத்துக்கு 7 நாளும் 70 கேமரா அமைப்புகளும் தேவைப்பட்டன என்கிறார். சரி. ஆனால் அந்தக் காட்சிக்கு முதலில் இசையே வேண்டாம் என்றிருந்தவர் ஹிட்ச்காக். வேண்டும் என்று இசையை எழுதிக் காட்டி அவர் மனத்தை மாற்றியவர் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன். திரைக்கதை எழுதியவர் ஜோசப் ஸ்டெஃபனோ. படத்தொகுப்பு அறையிலிருந்து வந்தவரும், பல படங்களின் எழுத்தில் கூட இருந்தவருமான மனைவி அல்மா ரெவில் அந்த ஒரு வார உரையாடலில் கேள்வி கேட்கப்பட்டவர் அல்லர். அறையில் இல்லாதவர்கள் யார் என்ற கேள்வியை உங்கள் குறிப்பேட்டில் நான்காவது கருத்தாகச் சேர்க்கலாம்.

மூன்று படங்களைப் பார்த்தவர் கருத்துச் சொல்லலாமா என்றால், நூலைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். படங்களைப் பற்றித் தீர்ப்பு எழுதாமல் இருந்தால் போதும். நான்காவதாக 1954-இல் வந்த 'ரியர் விண்டோ'வைப் பாருங்கள். கால் முறிந்து வீட்டில் கிடக்கும் ஒருவன் முற்றத்துக்கு எதிரே உள்ள வீட்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் உள்ள வீட்டில் வாழ்ந்து, எந்த அறையில் விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது என்பதை அறிந்த உங்களுக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

அடுத்த கூட்டத்தில் 'சாபொடாஜ்' பற்றிய பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்ச்காக்கின் வரிகளைப் பெரியவரும், த்ரூஃபோவின் வரிகளை அண்ணமிண்டியும் உரக்க வாசிக்கட்டும். இருவருக்கும் நடுவில் ஹெலன் ஸ்காட்டின் நாற்காலி உங்களுடையது. ஆங்கில வரிகளைத் தமிழில் எழுதி அவர்கள் கையில் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். குறிப்பேட்டை அன்று இரவு திறந்தால் போதும். மேலே தேதியைப் போட்டு, யார் சொன்னது என்று பெயரோடு எழுதுங்கள்.