மரம் ஏறுகிறவருக்கு எந்தக் கயிறு?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னையும், வரப்போரம் ஐந்து பெரிய புளியமரங்களும் இருக்கின்றன. மரம் ஏறும் அண்ணன் இதுவரை கிணற்றுக் கயிற்றைத்தான் இடுப்பில் கட்டிக்கொள்கிறார். அவருக்கு நல்லதாக வாங்கித் தர நினைக்கிறேன். கடையில் கட்டட வேலைக்கான சேஃப்டி பெல்ட்டைக் காட்டுகிறார்கள். அது போதுமா?

போதாது. கட்டட பெல்ட்டின் கயிறு முதுகு வளையத்திலிருந்து வரும்; விழுந்த ஆளைப் பிடிப்பதற்கென்று செய்தது. 2 மீட்டர் கயிறு, அதிர்வைத் தாங்க விரியும் பட்டை, ஆள் உயரம் எல்லாம் சேர்த்தால் கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 6 மீட்டர், அதாவது இருபது அடி, வெற்றிடம் வேண்டும். பன்னிரண்டு அடி உயரக் கிளையில் காலடியில் மாட்டிக்கொண்டு நின்றால், கயிறு பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். மரத்தில் முதலில் தேவைப்படுவது விழவே விடாமல் உடம்பை மரத்தோடு நிறுத்திவைக்கிற கயிறு. கடையில் 'ஒர்க் பொசிஷனிங் லேன்யார்ட்' என்று கேளுங்கள். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்சாலைகளுக்குச் சாமான் போடும் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

இந்தக் கயிறு இடுப்பின் இரண்டு பக்க வளையங்களிலும் மாட்டுவது. அதனால் பக்க வளையம் உள்ள ஃபுல் பாடி ஹார்னஸாக, அதாவது தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் பட்டைத் தொகுப்பாக, வாங்குங்கள். தொடைப் பட்டை இல்லாத வெறும் இடுப்பு பெல்ட் வேண்டவே வேண்டாம். அதில் தொங்கினால் மொத்த எடையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் விழும். லேபிளில் ஐ.எஸ். 3521 அல்லது இ.என். 358 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கயிறு பாலியெஸ்டரோ நைலானோ, 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமன், மேலே பின்னல் உறை. எடைக்கு நிறுத்துக் கொடுக்கிற நீலக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். நம்ம வேலூர் வெயிலில் அது சீக்கிரம் நைந்துபோகும். உரசும் சூட்டையும் தாங்காது. நீளத்துக்கு, மரத்தின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து 1 மீட்டர் கூட்டுங்கள். தென்னைக்கு 2 மீட்டர் தாராளம். புளிக்கு 4, 5 மீட்டர்கூட ஆகும். ஒரு கையால் இழுத்து நீளத்தைக் குறைக்கும் அட்ஜஸ்டர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இந்தக் கயிற்றில் தொய்வே இருக்கக் கூடாது. இதில் அதிர்வு தாங்கும் பட்டை கிடையாது. ஒரு மீட்டர் தொய்வில் விழுந்தாலே இடுப்பில் பலமான அடி விழும்.

கொக்கி தானாகப் பூட்டிக்கொள்வதாக இருக்கட்டும். தள்ளி, திருகி, பிறகு திறக்கும் மூன்று அசைவு வகை நல்லது. மரப்பட்டையில் உரசினால் திறந்துகொள்ளாது. தாங்கும் அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும்; 22 கிலோநியூட்டன் என்றால் சுமார் 2,200 கிலோ இழுவை. அந்தக் கணக்கு நீளவாக்கில் இழுத்தால்தான். கிளை மேல் குறுக்கே மடங்கினால் தாங்குவது 7 கிலோநியூட்டன் அளவுக்கு இறங்கிவிடும்.

தென்னையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கிளை இல்லாத மரம். ஒரே சுற்றாகப் போட்ட கயிறு, கால் வழுக்கினால் ஆளோடு சேர்ந்து தண்டிலேயே சறுக்கிக்கொண்டு வரும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, எனக்கு அது வருத்தம். எடை விழுந்ததும் சுருக்காக இறுகுவதற்கென்றே செய்த இரண்டாவது கயிறும் வேண்டும். ஏற ஏற இரண்டையும் மாற்றி மாற்றி மேலே தள்ளிப் போக வேண்டும். உச்சியில் மட்டையில் மாட்டாமல் தண்டில் மாட்டச் சொல்லுங்கள். பழுத்த மட்டை கையோடு வந்துவிடும்.

புளியமரத்தில் ஆபத்து வேறு: ரம்பம். கிளை கழிக்கும்போது தன் கயிற்றையே அறுத்துக்கொண்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். மேலே கவையில் போட்ட ஏறுகயிறும் அவர் உடம்பில் இருந்தது, அதில் தொங்கினார், பிழைத்தார். வெட்டும்போது எப்போதும் இரண்டு இடத்தில் கட்டு இருக்க வேண்டும். உள்ளே ஸ்டீல் கம்பி ஓடும் லேன்யார்டும் கிடைக்கிறது. கைரம்பத்தைக் கொஞ்சம் தாங்கும், செயின்சாவைத் தாங்காது. அப்புறம், ஈபி லைன் போகிற இடத்தில் இந்த ஸ்டீல் கம்பி லேன்யார்டைப் பயன்படுத்தவே கூடாது. அங்கே எந்தக் கயிறானாலும் மின்வாரியத்தில் சொல்லிக் கரண்டை நிறுத்திய பிறகே ஏற வேண்டும்.

ஏறுவதற்கு முன் தினமும் இரண்டு நிமிடம். கயிற்றை விரல்களுக்கு நடுவே மெதுவாக ஓடவிடுங்கள். ஓர் இடத்தில் தட்டையாக, அல்லது உருகி இறுகிப் பளபளவென்று தட்டுப்படலாம். அதை வளைத்துப் பாருங்கள், மற்ற இடம்போல வட்டமாக வளையாமல் மடிந்தால் உள்ளே புரி போய்விட்டது. தையல் நூல் ஒன்று அறுந்திருந்தாலும், ஒரு தடவை ஆள் விழுந்து தாங்கியிருந்தாலும் அந்தக் கயிறு முடிந்தது. உர மூட்டை, பேட்டரி பக்கத்தில் வைக்காதீர்கள். கீழே ஓர் ஆள் எப்போதும் இருக்கட்டும். ஹார்னஸில் அசையாமல் தொங்குவதே சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகும், அவரை இறக்க வழி தெரிந்தவர் வேண்டும்.

புதுக் கயிறு வந்த அன்றே அந்தக் கிணற்றுக் கயிற்றை நாலு துண்டாக வெட்டிக் கன்றுக்குட்டி கட்ட வைத்துக்கொள்ளுங்கள். முழுசாகக் கிடந்தால் அவசரத்துக்கு யாராவது இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள்.