பி.ஆர்க் சேரும் மகளுக்கு எந்த லேப்டாப் திரை?

அன்புள்ள ஐயா,

மகளுக்கு பி.ஆர்க் எனும் கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்ததற்கு என் வாழ்த்துகள். கடைக்காரர் காட்டிய இரண்டு லேப்டாப்களின் விவரத்தையும் படித்தேன். ஒன்று விலை குறைந்தது: 15.6 அங்குலம், 1366×768 பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள், அகலத்தில் 1366, உயரத்தில் 768), பளபளப்பில்லாத மேட் திரை. மற்றது 14 அங்குல ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை வகை), 2880×1800 பிக்சல், பளபளப்பான கிளாஸி திரை. இரண்டாவதை வாங்க நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். முதலாவதையும் வாங்காதீர்கள். இரண்டுமே உங்கள் மகளின் படிப்புக்குப் பொருந்தாதவை.

பி.ஆர்க் ஐந்தாண்டுப் படிப்பு. ரேம் போதவில்லை என்றால் பல மாடல்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். பேட்டரி தேய்ந்தால் மாற்றலாம். திரையை யாரும் நடுவில் மாற்றுவதில்லை. வாங்கும் நாளில் எது வருகிறதோ அதைப் பார்த்தபடிதான் அவள் ஐந்தாண்டும் வரைவாள். அதனால்தான் பிராசஸரின் பெயரைக் கேட்பதற்கு முன்பே திரையைப் பற்றிக் கேளுங்கள் என்று பெற்றோர்களிடம் சொல்லி வருகிறேன்.

விலை குறைந்ததை எடுத்துக்கொள்வோம். கட்டடக்கலை மாணவர்கள் கட்டாயம் பழக வேண்டிய ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளுக்கு, அதன் நிறுவனமே 1920×1080 பிக்சல் திரையைத்தான் அடிப்படைத் தேவையாகக் குறிப்பிடுகிறது. 1366×768 திரையில் மொத்தம் பத்தரை லட்சம் பிக்சல்கள். 1920×1080 திரையில் ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு. ஆட்டோகேட்டைத் திறந்தால் மேலே கருவிப் பட்டை, கீழே கட்டளை வரி, பக்கவாட்டில் பண்புகளைக் காட்டும் பெட்டி என்று ஆளுக்கு ஒரு பக்கமாக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 768 பிக்சல் உயரத்தில் இவை போக மிஞ்சுவதில்தான் ஒரு வீட்டின் முழு வரைபடத்தையும் பார்க்க வேண்டும். சுவரைக் குறிக்கும் இரண்டு கோடுகள் நெருங்கி ஒன்றாகத் தெரியும், சாய்கோடுகள் படிக்கட்டுபோல் உடையும். ஒவ்வொரு மூலைக்கும் பெரிதாக்கி, மறுபடி சிறிதாக்கி வேலை செய்வதிலேயே பாதி இரவு போய்விடும். சமர்ப்பிப்பு வாரத்தில் அந்த நேரம் எவ்வளவு அருமையானது என்பதை மூத்த மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்படியென்றால் பிக்சல் கூடக்கூட நல்லதுதானே என்று தோன்றும். ஓரளவுக்குத்தான். 2880×1800 திரையில் ஏறத்தாழ 52 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. 14 அங்குலத்துக்குள் அத்தனையும் அடங்கும்போது எழுத்துகள் படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும் என்பதால் விண்டோஸில் எல்லாவற்றையும் 150 அல்லது 200 சதவீதம் பெரிதாக்கி வைக்க வேண்டியிருக்கும். 200 சதவீதம் என்றால் வேலை செய்யக் கிடைக்கும் இடம் 1440×900 அளவுதான். எழுத்து கூர்மையாகத் தெரியும். ஆனால் வரைபடத்துக்கான இடம் அதிகமாகாது. முப்பரிமாணக் கட்டட மாதிரியைச் சுழற்றிப் பார்க்கும்போதோ அத்தனை பிக்சலையும் கிராஃபிக்ஸ் சிப் நிரப்பியாக வேண்டும். வேகம் குறையும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

ஓஎல்இடி திரையின் வண்ணத்தையும் ஆழ்ந்த கறுப்பையும் நான் குறை சொல்லமாட்டேன். விஷுவல் கம்யூனிகேஷன் படித்து வீடியோ எடிட்டிங் பக்கம் போகிற பிள்ளை என்றால் அதை யோசிக்கச் சொல்வேன். ஆனால் வரைபட மென்பொருளில் கருவிப் பட்டைகள் மணிக்கணக்கில் அதே இடத்தில் அசையாமல் நிற்கும். ஓஎல்இடியில் நாளடைவில் அந்த இடங்களில் நிழல்போல் தடம் பதிய வாய்ப்பு உண்டு. வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் திரையின் துடிப்பு சிலருக்குக் கண் வலியையும் தரும்.

இனி மேட்டா, கிளாஸியா என்ற கேள்வி. கடையில் கிளாஸிதான் எப்போதும் ஜெயிக்கும். அதன் மேற்பரப்பு வழவழப்பானது. உள்ளிருந்து வரும் ஒளி சிதறாமல் வருவதால் வண்ணம் அடர்த்தியாக, படம் பளிச்சென்று தெரியும். அதே வழவழப்பு வெளியிலிருந்து விழும் ஒளியையும் கண்ணாடிபோல் அப்படியே திருப்பி அனுப்பும். உங்கள் மகள் வேலை செய்யப்போகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்டுடியோ கூடத்தில் தலைக்கு மேல் வரிசையாக ட்யூப்லைட்டுகள், பக்கத்தில் பெரிய ஜன்னல்கள். விடுதி அறையில் மேசையைத் திருப்பிப் போடவும் இடமிருக்காது. கறுப்புப் பின்னணியில் மெல்லிய கோடு வரையும்போது அந்த விளக்கும் ஜன்னலும் அவளுடைய முகமும்தான் திரையில் தெரியும். அதிலிருந்து தப்பிக்கக் கழுத்தைச் சாய்த்து, முதுகை வளைத்து உட்காருவாள். மேட் திரையின் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பு கொண்டது. விழும் ஒளியைச் சிதறடித்துவிடும். வெள்ளைப் பின்னணியில் மிக லேசான மணல் தன்மை தெரியும், வண்ணம் ஒரு துளி வெளிறும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வரைகிறவருக்கு இது பொருட்படுத்தத்தக்க இழப்பே அல்ல.

ஆனால் மேட் என்று பார்த்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மலிவான மேட் திரைகள் பலவற்றில் வெளிச்சமும் வண்ணமும் குறைவு. வெளிச்சம் 300 நிட்ஸாவது (திரை வெளிச்சத்தின் அலகு) இருக்க வேண்டும். ஜன்னலோரத்தில் 250 போதாது. விவரக் குறிப்பில் 45 சதவீதம் என்டிஎஸ்சி (திரை காட்டும் வண்ணங்களை அளக்கும் ஓர் அளவுகோல்) என்று இருந்தால், இணையத்திலும் படங்களிலும் வழங்கும் எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் அது காட்டும் என்று பொருள். திரையில் அவள் தேர்ந்த செங்கல் நிறம் அச்சிட்ட தாளில் வேறாக வந்து நிற்கும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று குறிப்பிட்டிருப்பதற்குக் கூடுதலாகச் சில ஆயிரங்கள் கொடுக்கலாம்.

ஆக, 15.6 அங்குலத்தில் 1920×1080 அல்லது 16 அங்குலத்தில் 1920×1200, ஐபிஎஸ் வகை (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாதது), மேட் பூச்சு என்று கேளுங்கள். இரண்டில் பின்னதையே நான் விரும்புவேன். உயரத்தில் கிடைக்கும் அந்த 120 பிக்சலில் கருவிப் பட்டை அடங்கிவிடும். ஓஎல்இடிக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் 16 ஜிபி ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் வரட்டும்.

கடைக்கு மகளையும் அழைத்துச் செல்லுங்கள். மெல்லிய கோடுகள் கொண்ட வரைபட பிடிஎஃப் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துப்போய்த் திறந்து பார்க்கட்டும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் மாறினால் அந்தத் திரை வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு மூன்று வகைத் திரைகளுடன் லேப்டாப்கள் வருவதால், பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ப்ளஸ் டூ முடித்து சி.ஏ. படிக்க விரும்பும் மகனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவருக்கும் 1920×1080 மேட் திரைதான். எக்செல் கட்டங்கள் நிறையத் தெரியும். வண்ணத்துக்காக அவர் கூடுதல் பணம் செலவழிக்கத் தேவையில்லை, தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம்.

அவசரமும் வேண்டாம். பல கல்லூரிகளில் முதல் பருவம் பெரும்பாலும் வரைபலகையில் கையால் வரைவதாகவே இருக்கும். எந்த மென்பொருள், எப்போது தேவைப்படும் என்பதைத் துறையில் விசாரித்துவிட்டு வாங்கலாம். நகையைத் தொடுவதற்கு முன் வங்கிக்குப் போங்கள். படிப்பை முடிக்கக் கணினி தேவை என்றால், அதன் நியாயமான விலையையும் கல்விக் கடனில் சேர்க்க வங்கிகளின் மாதிரிக் கடன் திட்டம் இடம் தருகிறது. கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும், மாடல் எண் குறிப்பிட்ட கொட்டேஷன் ஒன்றும் வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.