வாசகர் கேள்வி பதில்: கம்பி இழுக்கக் கணக்குப் போட்டவர்

கேள்வி: என் மகள் கணினி அறிவியல் படிக்கிறாள். பல ஊர்களை மிகக் குறைந்த நீளக் கம்பியால் இணைக்கும் கணக்குக்கு க்ருஸ்கல், பிரிம் என்று இரண்டு பெயர்களைச் சொல்லித்தருகிறார்கள். புத்தகத்தில் ஒரு மூலையில் பொரூவ்கா என்றும் போட்டிருக்கிறது. யார் அவர்?

பதில்: அந்தக் கணக்கை முதலில் தீர்த்தவரே அவர்தான், மூலையில் கிடக்க வேண்டிய பெயரே இல்லை. ஓட்டகர் பொரூவ்கா 1899-ல் மொராவியாவில் பிறந்த செக் நாட்டுக்காரர். புர்னோ நகரத்துக்கு சிவில் எஞ்சினியரிங் படிக்க வந்தவர், அங்கே கணிதப் பேராசிரியர் மத்தியாஷ் லெர்ஹிடம் உதவியாளராகி, கணிதத்திலேயே தங்கிவிட்டார். 1922-ல் லெர்ஹ் இறந்துபோனார். அடுத்து வந்த எட்வார்ட் செக் இவரை வடிவியல் பக்கம் திருப்பி, பாரிஸில் எலி கார்த்தானிடம் படிக்க வழி செய்தார்.

அந்தச் சமயம் மொராவியாவில் ஊர் ஊராக மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. மின் நிறுவனத்தில் இருந்த நண்பர் ஒருவர், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் கம்பி இழுத்தால் செலவு குறையும் என்று கேட்க, 1926-ல் பொரூவ்கா விடை சொன்னார். கணிதக்காரர்களுக்கு ஒரு கட்டுரை எழுதியதோடு விடாமல், மின்பொறியாளர்கள் படிக்கும் பத்திரிகையில் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சின்னதாக இன்னொன்றும் எழுதினார் பாருங்கள், எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான்.

இதைப் படித்த வொய்த்தேக் யார்னீக் என்ற இன்னொரு செக் கணிதர் வேறொரு வழியைக் கடிதமாக அவருக்கு எழுதி, 1930-ல் அச்சிலும் கொண்டுவந்தார். உங்கள் மகள் பிரிம் பெயரில் படிப்பது அந்த வழியைத்தான். பிரிம் அதைத் தானாகவே கண்டுபிடித்து எழுதியது 1957-ல். க்ருஸ்கல் தன் 1956 கட்டுரையிலேயே பொரூவ்காவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் பாடத்தில் அது பின்னுக்குப் போனது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: கணினி இல்லாத காலத்தில் கையாலேயே எப்படிப் போட்டார்? அப்புறம் என்ன செய்தார்?

பதில்: வழி ரொம்ப எளிது. ஒவ்வொரு ஊரையும் அதற்கு மிக அருகில் இருக்கும் ஊரோடு இணையுங்கள். ஊர்கள் சின்னச் சின்னக் கூட்டங்களாகச் சேர்ந்துவிடும். இப்போது ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் வெளியே போகிற கோடுகளில் மிகக் குட்டையானதை எடுத்து அடுத்த கூட்டத்தோடு இணையுங்கள், எல்லாம் ஒன்றாகும் வரை இப்படியே. எந்த இரண்டு தூரமும் சமமாக இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. சுற்றுக்குச் சுற்று கூட்டங்கள் பாதியாகவாவது குறையும் என்பதால், 1000 ஊர் இருந்தாலும் பத்துச் சுற்றுக்குள் வேலை முடிந்துவிடும்.

அவரோ இதிலேயே நின்றுவிடவில்லை. 1939 நவம்பரில் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடினார்கள், போர் முடியும்வரை வகுப்பே இல்லை. திரும்பத் திறந்ததும் புர்னோவில் முழுப் பேராசிரியராகி, வகைக்கெழுச் சமன்பாடுகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, தன்னைச் சுற்றி ஒரு மாணவர் பட்டாளத்தையே வளர்த்தார். 1965-ல் அங்கே அவர் தொடங்கிய 'ஆர்க்கிவம் மேத்தமேட்டிகம்' இதழ் இன்றும் வருகிறது.

ஒவ்வொரு கூட்டமும் தன் கோட்டைத் தானே தேடிக்கொள்ளலாம் என்பதால், பல கணினிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடங்களில் இன்றைக்கு அவர் வழிதான் கைகொடுக்கிறது. 1995-ல் வந்த, இந்தக் கணக்குக்கான மிக வேகமான முறைகளில் ஒன்றின் உள்ளேயும் அவருடைய சுற்றுகள்தான் ஓடுகின்றன. அந்த ஆண்டு ஜூலையில்தான் 96 வயதில் அவர் காலமானார்.